அகராதித் தொழிலில் அடியெடுத்து வைக்கும் தம்பிக்கு



'டிம்பனம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நீ எழுதியனுப்பிய குறிப்பைச் சிரத்தையுடன் படித்தேன். பேரிகை, செவிப்பறை, முகப்பு, சட்டம் என்று நான்கு அர்த்தங்களையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் அடுக்கியிருக்கிறாய். அவற்றுள் பிழையானது ஒன்றுமில்லை. ஆயினும், எந்தத் துறையினர் எந்தப் பொருளில் அச்சொல்லை வழங்குகிறார்கள் என்று கூறாத குறிப்பு, வழி கேட்டவனை நாற்சந்தியில் கொண்டுபோய் நிறுத்துவதையே ஒக்கும்.

சிபெலி தேவியின் உபாசகர்கள் கையிலேந்தி முழக்கிய தோற்கருவிக்குக் கிரேக்கர் இட்ட பெயரே இதன் மூலம். ரோமானியச் சிற்ப சாஸ்திரியாகிய விட்ருவியஸ், கட்டட முகட்டின் முக்கோணப் பரப்பையும், நீர் இறைக்கும் உருளைச் சக்கரத்தையும் இப்பெயராலேயே சுட்டினார். முன்னதில் தோலைப்போல் சட்டத்துள் அடங்கிய பரப்பும், பின்னதில் முரசின் உருண்ட வடிவமும் பெயருக்குக் காரணமாயிருக்க வேண்டும். ஆகவே, ஒரே காரணத்தை எல்லா அர்த்தங்களின் மீதும் வலிந்து ஏற்றிவிடாதே.

அச்சுத் தொழிலில் வழங்கும் 'டிம்பன்' என்ற குறுகிய வடிவத்தை நீ அடியோடு விட்டுவிட்டாய். பழைய கை அச்சு யந்திரத்தில், தோல் இழுத்துக் கட்டிய சட்டத்தின்மேல் ஈரமூட்டிய காகிதத்தைப் பரப்பி, அதை மடக்கி, மையிட்ட எழுத்துக்களின்மேல் கவிழ்த்து, அழுத்தும் பலகைக்கு அடியில் தள்ளிய பின்னரே, தொழிலாளி பிடியை இழுப்பான். அந்தச் சட்டமே டிம்பன்; அதைத் தனித் தலைச்சொல்லாகவே நீ எழுத வேண்டும்.

அர்த்தங்களை அவை பிறந்த வரிசையிலே, மேற்கோட் சான்றுகளுடன் நிறுத்தும் முறைக்காகவே ஜேம்ஸ் மரே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1884-இல் முதற்பகுதி வெளிவந்த அவருடைய ஆக்ஸ்போர்டு அகராதி 1928-இல்தான் நிறைவெய்தியது. 1915-இல் காலமான அவர் அதைக் காணவில்லை. அத்தகைய பொறுமை உனக்கும் வாய்க்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.

'செவிப்பறை' என்பதை அப்படியே வைத்துக்கொள்; ஆனால், பூச்சிகளின் கேள்விப்புலனையும் உடன் சேர்; சுவர்க்கோழிக்கு அச்சவ்வு முன்னங்காலிலும், வெட்டுக்கிளிக்கு வயிற்றின் பக்கத்திலும் அமைந்திருப்பதால், 'செவி' என்றதும் தலையையே நினைக்கும் வாசகனுக்கு ஒரு வரி விளக்கம் அவசியம். 'முகப்பு' என்பது மிகப் பொதுவான சொல். பிரான்ஸ் தேசத்து ஓத்தன் தேவாலயத்தில், கடைசித் தீர்ப்பின் காட்சி செதுக்கப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பத்தின் படத்தைத் தேடிப் பார்த்து, வாயிலின் உத்தரத்துக்கும் மேல்வளைவுக்கும் இடைப்பட்ட பரப்பு என்று திருத்தி எழுதி அனுப்பு.