துரோவாவில் விட்டுவந்த மேலங்கி

வேதபகுதி: 2 தீமோத்தேயு 4:9–21



ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்தில் குளிர் அதிகம் என்று சொன்னால், வடநாட்டில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் சிரிப்பார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1905-ம் ஆண்டு ஜனவரி மாதம் பதிவான 13.9 டிகிரியைத்தான் நம் ஊரின் கடுங்குளிர் என்று இன்றும் எடுத்துச் சொல்லுகிறார்கள். டெல்லிக்காரருக்கு அது சாதாரணமான ஒரு காலைப்பொழுது. ஆனாலும் மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வார்டு வராந்தாவில் நடந்துபார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற இப்பகுதியில் ஏரிக்காற்றும் பனியும் சேர்ந்து இறங்கும். நோயாளிகளின் உறவினர்கள் சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, புடவைத் தலைப்பையோ பழைய வேட்டியையோ போர்த்திக்கொண்டு, முழங்கால் மோவாயைத் தொடச் சுருண்டு படுத்திருப்பார்கள்.

அந்த வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது பவுல் தன் கடைசி நிருபத்தில் கேட்கிற அந்த மேலங்கிதான். மரணம் சமீபித்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். விசுவாசத்தைக் குறித்தும் கிரீடத்தைக் குறித்தும் உயர்ந்த வார்த்தைகளை எழுதி முடித்த கையோடு, துரோவாவில் கார்ப்பு என்பவனுடைய வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துவரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார். புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்கிறார், ஆனால் மேலங்கிதான் முதலில் வருகிறது. அது தலை நுழைய நடுவில் துவாரம் வைத்த, கனத்த முரட்டுத்துணியாலான பயண உடை. மழைக்கும் குளிருக்கும் அதுவே போர்வை. அப்போஸ்தலனுக்கும் எலும்பில் குளிர் ஏறியது. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

மாரிகாலம் தொடங்குமுன் வந்துவிடு என்றும் அவர் துரிதப்படுத்துகிறார். இங்கே நம் தமிழ் வேதாகமத்தின் சொல்லைக் கவனியுங்கள். ஆங்கில வேதாகமம் வைத்திருப்பவர்கள் அதில் பனிக்காலத்துக்குரிய சொல்லைக் காண்பார்கள். நம் முன்னோர் மாரி, அதாவது மழை, என்று மொழிபெயர்த்தார்கள். செமினரியில் படித்த நாளில் இதை ஒரு பிழை என்றே நினைத்தேன். மூலபாஷையான கிரேக்கத்தில் கெய்மோன் என்ற அந்தச் சொல்லுக்குக் குளிர்காலம், புயல்மழை என்ற இரண்டு பொருளும் உண்டு என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. மத்தியதரைக் கடலோரத்தில் மழையும் குளிரும் ஒன்றாகவே வரும், நம் ஐப்பசி கார்த்திகையின் ஈரம் உலருமுன்னே மார்கழிப்பனி வந்து சேருவதுபோல. அப்படி ஒரு பருவத்தில்தான் பவுல் மெலித்தா தீவில் கரையேறினார். மழையிலும் குளிரிலும் நனைந்து நின்ற 276 பேருக்கும் அத்தீவார் நெருப்பு மூட்டினார்கள் (அப்போஸ்தலர் 28:2). நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைக்கும் அக்கடலில் கப்பலோட்டம் ஏறக்குறைய நின்றுபோகும். ஆகவே தீமோத்தேயு ஒரு மாதம் தாமதித்தால் மேலங்கி வந்துசேர வசந்தகாலம் ஆகிவிடும். அதற்குள் அதைப் போர்த்த ஆள் இருக்கவேண்டுமே!

இப்பகுதியை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது செமினரி அல்ல, எங்கள் பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர். சில வருஷங்களுக்கு முன், தை பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கையில், பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்திறங்கியது. எட்டு மாதத்தில், வீட்டிலேயே, விடியற்காலையில் பிறந்துவிட்ட பெண்குழந்தை. அழுக்குப் போகவேண்டுமென்று பாட்டி வழக்கப்படி குளிப்பாட்டி, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டி என்னைக் கண்டதும், "ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினேன். என் ஜெபம் குறுகியதல்ல என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பாதியில் அந்த நர்ஸ், "ஐயா, அப்புறம் ஜெபிக்கலாம். துண்டு ஈரமா இருக்கு" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தெர்மாமீட்டர் 34.8 டிகிரி காட்டிற்று. பிறந்த குழந்தைக்கு 36.5-க்குக் குறையக்கூடாது.

குளிர் காய்ந்து பசியாறுங்கள் என்று வாயினால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனைப்பற்றி யாக்கோபு எழுதியதை (2:15, 16) எத்தனையோ பிரசங்கத்தில் சொன்னவன் நான். அன்றைக்கு அந்த ஆள் நானே.

ஈரம் ஏன் அவ்வளவு பொல்லாதது என்று டாக்டர் அம்மா பின்னால் விளக்கினார்கள். சிசுவின் உடம்பிலுள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்க அதற்குச் சரியாக வராது. கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புநிறக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கவேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அக்கொழுப்பும் கொஞ்சமே. அப்படி எரியும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையும் பிராணவாயுவும் செலவாகும். குழந்தை துவண்டு பால் குடிக்காது, இன்னும் குளிரும். அழாமல் சாதுவாய்த் தூங்குகிறது என்று வீட்டார் சந்தோஷப்படுவதும் உண்டு. ஆகவே பிறந்தவுடன் துடைக்கவேண்டும், ஈரத்துணியை மாற்றவேண்டும், தலைக்குக் குல்லா போடவேண்டும், முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிவைக்கவேண்டும். குளிர்காலத்துக்கு மாத்திரமல்ல, சித்திரை வெயிலுக்கும் இதுவே சட்டம். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடாது.

அந்தக் குழந்தைக்கு எந்த இயந்திரத்தைக் கொடுப்பார்களோ என்று காத்திருந்தேன். தாயின் ரவிக்கையை அவிழ்த்து, குழந்தையை மார்போடு மார்பாகச் சாய்த்து, மேலே உலர்ந்த துணியைச் சுற்றிக் கட்டினார்கள். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் 1978-ல் தொடங்கிய முறை இது. கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல் இருப்பதால் அப்படியே பெயர் வந்துவிட்டது. ஏழைகளுக்கு இயந்திரத்துக்குப் பதிலாகக் கொடுத்த ஏற்பாடு என்று பலர் எண்ணினார்கள். ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்குக் குறைந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. முதலில் இயந்திரத்தில் வைத்து, நிலை தேறியபின் தாயிடம் கொடுத்தவர்களில் 28 நாளுக்குள் 100-க்கு 15.7 பேர் இறந்தார்கள். பிறந்த உடனேயே மார்பில் வைத்தவர்களில் 12 பேர். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே முதல் சிகிச்சையாகச் சொல்லிவிட்டது. தாய் மயக்கத்தில் இருந்தால் தகப்பனோ பாட்டியோ செய்யலாம். அன்று மத்தியானம் தாய் சற்று உறங்கும்படி, ஆட்டோவில் கூட வந்த அந்தப் பாட்டியின் மார்பில்தான் குழந்தை இருந்தது. சாயங்காலம் 36.7. நான் மறுபடியும் போய், சுருக்கமாக ஜெபித்தேன்.

வயதானவர்களைப்பற்றி இரண்டு வார்த்தை. தாவீது ராஜா வயதுசென்றபோது எத்தனை வஸ்திரம் போர்த்தியும் அனல் கொள்ளவில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களில் அநேகருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். காலடியில் வெந்நீர்ப்பை வைத்துத் தூங்கினால் தோல் வெந்துபோவதுகூட அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தை மாதமும் அப்படி ஒரு புண்ணையாவது டிரெஸ்ஸிங் அறையில் பார்க்கிறேன். காலுறை போதும். கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டவே கூடாது, அதன் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

இனி வராந்தாவுக்கு வருகிறேன். முன்பு எங்கள் ஸ்டோரில் 50 ரூபாய் டெப்பாசிட் கட்டினால்தான் போர்வை தருவோம். காணாமற்போகிறதே என்றுதான் அந்த ஏற்பாடு, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் யாத்திராகமம் 22:26, 27-ல், ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். அவன் எதைப் போர்த்துக்கொண்டு படுப்பான் என்றும் கேட்கிறார். நாங்களோ போர்வைக்காகவே அடகு வாங்கிக்கொண்டிருந்தோம். கமிட்டியில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கூட்டத்தில் வாக்குவாதம் நடந்து, மூன்றாவதில் டெப்பாசிட் எடுபட்டது.

அதற்குப்பின் போர்வைகள் காணாமற்போவது கூடியிருக்கிறது என்று ஸ்டோர் பொறுப்பாளர் சொல்லுகிறார். அது உண்மைதான், மறைக்கவில்லை. எனவே இவ்வருஷமும் உங்களிடம் கேட்கிறோம். கனத்த ஜமுக்காளம் அடைமழையில் உலர நாளாகிறது. அதற்குப் பதிலாக மெல்லிய பருத்திப் போர்வைகளை இரண்டிரண்டாக அனுப்புங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தும்போது நடுவில் தங்கும் காற்றே சூட்டைக் காக்கும், துவைத்தாலும் சீக்கிரம் காயும். குழந்தைக் குல்லாக்கள் காதை மூடும்படி, உள்பக்கம் பருத்தியாக, கட்டும் நாடா இல்லாமல் இருக்கட்டும். தபாலில் அனுப்புகிறவர்கள் ஐப்பசி மாதம் பிறக்குமுன் அனுப்பிவிட்டால் நல்லது. மழை பிடித்துவிட்டால் எங்கள் ஸ்டோர் அறைக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.