மனிதன் நிலவாகலாமா?

1655-ஆம் ஆண்டு சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டுபிடித்த கிறிஸ்டியான் ஹைகன்ஸின் தாய்மொழி டச்சு. அம்மொழியில் மனிதன் 'மன்', நிலவு 'மான்'. குறிலுக்கு 'அ' எழுத்தை ஒருமுறையும், நெடிலுக்கு இருமுறையும் எழுதுவர்.

பன்மையாக்க 'என்' விகுதியைச் சேர்ப்போம். 'ன்' அடுத்த அசைக்குப் போய்விடும்: மா-னென். உயிரில் முடியும் அசையில் ஒற்றை 'அ'வையே நெடிலாகப் படிப்பது டச்சு விதி. ஆகவே நிலவுகளில் ஓர் 'அ' நீங்கும். மனிதர்களையும் அப்படியே எழுதினால்? அவர்கள் நிலவுகளாகிவிடுவார்கள்! அதைத் தடுக்கவே 'ன்' இரட்டிக்கிறது. முதல் 'ன்' அசையை மூடிக் குறிலைக் காக்கிறது.

பெயரடைக்கும் இதே விதிதான். சிவப்பைக் குறிக்கும் 'ரோட்' நெடில். 'எ' விகுதி சேரும்போது ஓர் 'ஒ' எழுத்து நீங்கும். வெள்ளையைக் குறிக்கும் 'விட்' குறில். அங்கே 'ட்' இரட்டிக்கும்.

தமிழிலும் 'கல்' என்பது 'கல்லை' ஆகிறது. 'கால்' என்பது 'காலை' ஆகிறது. ஆனால் நாம் இரட்டித்ததை ஒலிக்கிறோம். டச்சில் இரட்டிப்பது எழுத்து மட்டுமே.

ஹைட்ரஜனை டச்சில் 'வாட்டர்ஸ்டொஃப்' என்பர், அதாவது நீர்ப்பொருள். பொருளைக் குறிக்கும் 'ஸ்டொஃப்' குறில் சொல். பன்மையில் எந்த எழுத்து இரட்டிக்கும்? நீங்களே சொல்லுங்கள்!