புதுக் கொன்சோலுக்கு முதல் நாளே பெரிய கேம் வேண்டுமா?

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் அக்குறணையைத் தாண்டினால் அலவத்துகொட. இங்கே ஒரு வீட்டுக்குப் புதுக் கேம் கொன்சோல் வருவதென்றால், கட்டாரிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ லீவில் வருகிறவரின் பெட்டியில் வரும். இல்லாவிட்டால் கொழும்புக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். எப்படி வந்தாலும், மொய்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதில மட்டும் விளையாடுற கேம் என்ன இருக்கு?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2017 மார்ச் 3ஆம் திகதி நின்டெண்டோ ஸ்விட்ச், ‘செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்’ கேமோடு சந்தைக்கு வந்தது. அந்த மாதம் அமெரிக்காவில் ஸ்விட்ச் 906,000 விற்றது; அதற்கான செல்டா 925,000 விற்றது. கொன்சோலை விடக் கேம் அதிகம்! ஆனால் அதே செல்டா அதே நாளில் பழைய வீ யூ கொன்சோலுக்கும் வெளியானதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்விட்சைத் தூக்கிவிட்டது ‘வேறெங்கும் கிடைக்காது’ என்ற பூட்டு அல்ல. கேம் அவ்வளவு நன்றாக இருந்தது. டிவியிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுபோய் விளையாடவும் முடிந்தது.

பெரிய கேம் இல்லாமலே ஜெயித்த கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளியானபோது அதன் ஆரம்பக் கேம்கள் சுமார்தான். டிவிடி படம் பார்க்கலாம் என்பதற்காகவே வாங்கியவர்கள் ஏராளம். கடைசியில் அது 15 கோடிக்கும் மேல் விற்றது. மாறாக, ‘சோல்கலிபர்’ போன்ற அருமையான கேமுடன் 1999இல் அமெரிக்காவுக்கு வந்த சேகா ட்ரீம்காஸ்ட் 2001இல் நிறுத்தப்பட்டது. சொந்த மாரியோ கேமுடன் 2012இல் வந்த வீ யூவும் 1 கோடியே 35 இலட்சத்தோடு நின்றுபோனது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது நின்டெண்டோ 3டிஎஸ். 2011 தொடக்கத்தில் சொல்லிக்கொள்ளும் கேம் இல்லாமல் வந்து தடுமாறியது. அரை ஆண்டுக்குள் அமெரிக்காவில் விலையை 250 டொலரிலிருந்து 170 டொலருக்கு இறக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் மாரியோவும் மாரியோ கார்ட்டும் வந்து சேர, அது எழுந்து நின்றது.

ஆகவே முதல் நாள் கேம் வாசலைத் திறந்துவிடும். வீட்டை நடத்துவது அதற்குப் பின் வருகிறவைதான்.

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 இதற்கு நல்ல சாட்சி. அதனோடு வந்த பெரிய கேம்களில் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ அதற்கு மட்டுமே உரியது; ‘ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸ்’ பிளேஸ்டேஷன் 4இலும் ஓடியது. 2022இல் வந்த ‘ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்’, ‘கிரான் டூரிஸ்மோ 7’, ‘கோட் ஒஃப் வோர் ராக்னரொக்’ மூன்றும் பழையதிலும் ஓடின. பழைய கொன்சோலை வைத்துப் பொறுமையாக இருந்த வீடு இரண்டு ஆண்டுகளில் இழந்தது கொஞ்சமே. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸோ, தன் முதல் நாளுக்கென்று வைத்திருந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’ தள்ளிப்போனதால் ஓராண்டுக்கு மேல் அது இல்லாமலே விற்றது.

இதை எழுதுபவர் ஊரில் பார்த்தவரை, கொன்சோல் இருக்கும் வீடுகளில் மாலையில் ஓடுவது கால்பந்துதான். ஈஏ நிறுவனத்தின் கால்பந்து கேம் 2025லும் பிளேஸ்டேஷன் 4க்கு வெளிவந்தது. அதற்காக மட்டும் புதிது வாங்கத் தேவையில்லை. வாங்குமுன் ஒரு தாளில், அந்தக் கொன்சோலில் மட்டுமே ஓடுகிற, உண்மையிலேயே விளையாடப்போகிற கேம்களை எழுதிப் பாருங்கள். மூன்று தேறாவிட்டால் பொறுத்திருக்கலாம்.

ஆனால் விலை இறங்கும் என்று காத்திருப்பது வேறு கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டிலும் பிளேஸ்டேஷன் 5இன் விலை குறையாமல் கூடித்தான் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலேயே 50 டொலர் ஏறியது. கேமுக்காகக் காத்திருங்கள், விலைக்காக அல்ல.

அடுத்தது ஒன்லைன் கணக்கு. பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவை உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்குள்ளவர்கள் வேறு நாட்டுக் கணக்கில்தான் விளையாடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் கேமின் மேலதிகப் பகுதிகளை ஒன்லைனில் வாங்கும்போது, டிஸ்க்கும் கணக்கும் ஒரே பிராந்தியமாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, டிஸ்க் வாங்கித்தரச் சொல்லும்போதே நாட்டையும் சொல்லிவிடுங்கள்.

ஜப்பானில் இருப்பவரிடம் ஸ்விட்ச் 2 கேட்பவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூனில் ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ கேமோடு வந்த அது, அங்கே அப்போது 49,980 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அந்தக் குறைந்த விலைப் பதிப்பு ஜப்பானிய மொழியிலும் ஜப்பான் கணக்கிலும் மட்டுமே இயங்கும். பலமொழிப் பதிப்பைக் கேளுங்கள். ஸ்விட்ச் 2 கேம் அட்டைகள் சிலவற்றில் கேமே இருக்காது. திறப்பு மட்டும் இருக்கும், கேமை டவுன்லோட் செய்ய வேண்டும். மாதாந்த டேட்டா அளவுக்குள் இணையம் பாவிக்கும் வீட்டில், கேம் பெட்டியின் முகப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

முதல் நாள் பெரிய கேம் இல்லாவிட்டால் அது நிறுவனத்தின் தலைவலி. அலவத்துகொடயில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, அந்தக் கொன்சோலின் இரண்டாம் ஆண்டுக் கேம் பட்டியலை.