எண்ணூர்க் கழியும் மீனும்

கொசஸ்தலையாறு எண்ணூரிற் கடலோடு கலக்குமிடத்தைக் கழிமுகம் என்பர். கடலிற் பிறந்த இறாற்குஞ்சும் மடவைக்குஞ்சும் ஏற்றநீரோடு இவ்வாயில் வழியே புகுந்து, சேற்றிலும் அலையாத்தி வேரிடையிலும் இரையும் ஒதுக்கும் பெற்று வளர்கின்றன. முதிர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கே மீளும். ஆதலின் கழியிற் சிறுபடகு செலுத்தும் வலைஞர் முதற்கண் நோக்குவது வலையை அன்று, நீரின் ஏற்றவற்றத்தையே. அமாவாசை, பௌர்ணமியையொட்டி நீரோட்டம் மிகும். கழிமுகத்தை மணல் தூர்ப்பின் ஏற்றமும் இல்லை. குஞ்சின் வரவும் இல்லை.

வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்ப்படலம் கழியிற் பரவியது. படகும் வலையும் கறுத்தன. வலைஞர் தொழிலிழந்து கரையில் நின்றனர்.

நண்பர்காள்! அங்காடியில் இறாலுக்கு விலை பேசுங்கால், அதனை வளர்த்த சேற்றையும் சற்றே நினைமின்.