கவைக்கோலுக்குப் புதுவேலை

விருத்தாசலம் – உளுந்தூர்பேட்டை சாலையிலுள்ள மங்கலம்பேட்டைப் பக்கத்திலும் இன்று நெல்லை இயந்திரம் அறுக்கிறது. சிதறிய வைக்கோலை வேறோர் இயந்திரம் உருளைக் கட்டாகச் சுருட்டுகிறது. வைக்கோலை உதறிப் போரில் ஏற்றிய கவைக்கோலுக்கு வேலை குறைந்துவிட்டது. கொட்டகை இறவாணத்தில் செருகிக் கிடப்பது அடுத்து அடுப்புக்குத்தான் போகும்.

அதற்கு முன் எருக்குவியலில் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். சாணமும் கழிவு வைக்கோலும் மட்குவதற்கு நுண்ணுயிர்கள் வேண்டும். அவற்றுக்குக் காற்று வேண்டும். மண்வெட்டி குவியலை வெட்டி அமுக்கிவிடும். கவைக்கோலோ அள்ளி, உதறி, பொலபொலவென்று விழச் செய்யும். களத்தில் பழகிய அதே கைவீச்சுதான்! நன்கு அமைந்த குவியலின் உட்சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்; களைவிதைகளில் பெரும்பாலானவை அதில் மடியும். சூடு தணிந்ததும் புரட்டிவிட்டால் மீண்டும் ஏறும்.

வைக்கோலில் தழைச்சத்து குறைவு. தனியே போட்டால் மட்க நாளாகும். கடலைக்கொடியைக் கலந்தால் விரைவில் மட்கும். ஆனால் நல்ல கொடியை மாடு தின்னட்டும். அது ஒதுக்கிய மிச்சமே போதும்.

வண்டியின் பழைய முளைக்குச்சிகளை வட்டமாக ஊன்றித் தென்னங்கீற்றால் அடைத்தால், இடுப்பளவுக் குவியல் சரியாது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். கவைக்கோல் வீச இடம் வேண்டுமல்லவா?