அலாரம் அடித்தும் எழும்ப முடியவில்லையா?



முன்பு விடியக்காலையில் தப்பு அடித்து லயத்தையே எழுப்பினார்கள். இன்று அந்த வேலையை அலாரம் மணிக்கூடும் போனும் செய்கின்றன. ஆனால் மணி அடித்தால் கை தானாகப் போய் நிறுத்திவிடுகிறது. பிரட்டுக்குப் பிந்தினால் பேர் போய்விடும். பிள்ளையும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் ஓடும்.

இதைச் சோம்பல் என்று ஏச வேண்டாம். பெரும்பாலும் தூக்கம் போதாமைதான் காரணம். பெரியவர்களுக்கு 7 மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் குறைந்தது 9 மணித்தியாலம் தேவை. காலை 5.30க்கு எழும்பும் பிள்ளை இரவு 8.30க்குத் தூங்கியிருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. மணிக்கூட்டைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். எழும்பி நடந்தால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள்.

2. எழும்பியவுடன் லைட்டைப் போடுங்கள். வெளிச்சம் பட்டால்தான் விடிந்தது உடம்புக்குத் தெரியும்.

3. இரவில் சாயத் தண்ணியைக் குறையுங்கள். அது தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

4. சாராயம் குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்பார்கள். கண் சொக்கும், ஆனால் நடுச்சாமத்தில் தூக்கம் கலைந்துவிடும்.

5. லீவு நாளிலும் அதே நேரத்துக்கு எழும்புங்கள்.

நன்றாகத் தூங்கியும் தினமும் அசதியாக இருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழும்புவது அம்மாதான். மலையில் கொழுந்து எடுத்து வந்தவர் சட்டி பானை கழுவி முடிப்பதற்குள் பத்து மணி தாண்டிவிடுகிறது. இரவு வேலையில் பாதியை ஆம்பிளைகளும் பெரிய பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் கூடக் கிடைக்கும்.