மேலகரத்துப் பிள்ளைகளுக்கு: டேபிளும் டாக்குமென்ட்டும்

மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்த பிறகு, மேலகரம், தென்காசிப் பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் ஒன்றும் சென்னைச் சங்கதி இல்லை. படிக்கத் தொடங்குகிற தம்பி, தங்கச்சிகளுக்குச் சில வார்த்தை.

1. எஸ்க்யூஎல் பக்கம் டேபிள், ரோ, காலம் (நெடுவரிசை). மாங்கோடிபி பக்கம் கலெக்‌ஷன், டாக்குமென்ட், ஃபீல்டு. இண்டெக்ஸ் இரண்டிலும் இண்டெக்ஸ்தான். மனப்பாடம் பண்ணப் பத்து நிமிஷம் போதும். அதோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

2. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய, டேபிள் வகை டேட்டாபேஸுக்கு அடித்தளமிட்ட கட்டுரையில் ரிலேஷன் என்பது டேபிளேதான். இரண்டு டேபிளுக்கு நடுவே உள்ள தொடர்பு இல்லை. இன்டர்வியூவில் பலரும் சறுக்குகிற இடம்.

3. ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல்லில் கார்டுக்கு ஒரு டேபிள், உறுப்பினருக்கு ஒரு டேபிள். இரண்டையும் இணைக்கும் கார்டு எண்தான் ஃபாரின் கீ. மாங்கோவில் குடும்பமே ஒரு டாக்குமென்ட், உறுப்பினர்கள் அதற்குள் ஒரு அரே. கார்டைத் திறந்தால் மொத்தக் குடும்பமும் ஒரே வாசிப்பில் வந்துவிடும், டேபிள்களைச் சேர்க்கும் ஜாயின் வேண்டாம். ஆனால் மேலகரத்துப் பெண் கல்யாணமாகிச் செங்கோட்டைக்குப் போகிறாள். டேபிளில் அவள் ரோவில் கார்டு எண்ணை மாற்றினால் முடிந்தது. மாங்கோவில் ஒரு டாக்குமென்ட்டிலிருந்து பெயரை எடுத்து இன்னொன்றில் சேர்க்க வேண்டும். நடுவில் சர்வர் படுத்தால், பெயர் இரண்டு கார்டிலும் இருக்கும், அல்லது எதிலும் இருக்காது. எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவும் நடக்க வேண்டாம் என்று பல டாக்குமென்ட்டுக்குச் சேர்த்து டிரான்சாக்‌ஷன் போடும் வசதி மாங்கோவில் 2018-இல்தான் வந்தது. மாதாமாதம் வாங்கும் அரிசி, சீனிக் கணக்கையும் அதே டாக்குமென்ட்டில் திணிக்காதீர்கள். அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு டாக்குமென்ட்டின் உச்சவரம்பு 16 எம்பி.

4. மாங்கோவுக்கு ஸ்கீமாவே, அதாவது எந்த ஃபீல்டு இருக்க வேண்டும் என்ற கட்டமைப்பே, கிடையாது என்பார்கள். நம்பாதீர்கள். ஒரு டாக்குமென்ட்டில் ‘செல்’, அடுத்ததில் ‘போன்’ என்று எழுதிவைத்தால், கடைசியில் கோடு எழுதுகிறவன் தலையில்தான் விடியும். வேலிடேஷன் விதி அதிலேயே உண்டு, போடுங்கள்.

5. மாங்கோவில் ஜாயினுக்குப் பதில் 2015 முதல் லுக்அப் இருக்கிறது. எப்போதாவது தேவைப்பட்டால் சரி. ஒவ்வொரு குவெரிக்கும் அதுதான் என்றால் டேபிளுக்கே போய்விடுங்கள். எஸ்க்யூஎல் பக்கத்துப் போஸ்ட்கிரெஸ்ஸில் 2014 முதல் ஜேசான்பி என்ற டேட்டா வகை இருப்பதால், டாக்குமென்ட்டாக வைக்க வேண்டியதை அங்கேயே ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன்.